பேய் என்றால் பேய்தான்

காதுவின் படம் செய்தித்தாளில் வந்தபோது, படத்துக்குக் கீழே ‘லிஃப்ட் இயக்குபவர் எழுதிய முதல் நாவல் விருதுப் பட்டியலில்’ என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் அவருக்கு விருதே மறந்துபோனது.

“இயக்குபவராம்! ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு பட்டன் அமுக்குறவன்னு நினைச்சுட்டானுங்க,” என்று பேப்பரை மனைவியின் முன்னால் போட்டார்.

“படம் நல்லா வந்திருக்குங்க.”

“படத்தை விடு. இருபத்தேழு வருஷமா மெக்கானிக். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தையைச் சரியாப் போட முடியலையா இவனுங்களுக்கு?”

“சரி, பல்லைக் கடிக்காதீங்க. ஏற்கெனவே கடைவாய்ப்பல் ரெண்டு தேஞ்சிருக்கு.”

மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். வீட்டில் யாருக்குக் கோபம் வந்தாலும் அவள் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும்.

காது என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது நாவலின் அட்டையில் இருக்கிறது, சம்பளச் சீட்டில் இருக்கிறது, அதற்கு மேல் எங்கும் இல்லை. கம்பெனியில் இருக்கும் ஒன்பது மெக்கானிக்குகளுக்கும், சாமான் கொடுக்கும் கடைக்காரருக்கும், கட்டிடக் காவலாளிகளுக்கும் அவர் காதுதான். கல்யாணத்துக்கு வந்த கம்பெனிக்காரர்கள் பரிசுப் பொட்டலத்தின் மேல் ‘அன்புள்ள காதுவுக்கு’ என்று எழுதி நீட்டினார்கள். மாமனாருக்கு அதை விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெயர் வந்த கதை இது. லிஃப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்டை நகர்த்துவதற்கு முன்னால், அதன் கூரைமேல் நிற்பவர் “ஆள் இருக்கா?” என்று குரல் கொடுக்க வேண்டும். உச்சியில் மெஷின் ரூமில் இருப்பவர் “மேல ஒருத்தன்” என்பார். அடியில், லிஃப்ட் வந்து இறங்கும் குழிக்குள் துடைத்துக்கொண்டிருப்பவர் “கீழ ஒருத்தன்” என்பார். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் பட்டனில் கை வைக்கலாம். குழிக்குள் ஆள் இருக்கும்போது லிஃப்ட் இறங்கினால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, அவர் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். மெஷின் ரூமில் நெட்டை. நெட்டை அவரைவிடப் பதிமூன்று வயது மூத்தவர், ஆறடிக்கு மேல் உயரம், லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் எப்போதும் குனிந்தே நிற்பவர். குழியில் வேலை செய்ய வேண்டியவன் அன்று லீவு. கீழே யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் பழக்கம் பழக்கம்தானே. “ஆள் இருக்கா?” என்று கேட்டார். “மேல ஒருத்தன்,” என்றார் நெட்டை.

“கீழ ஒருத்தன்,” என்றது குழி.

அவசரமில்லாத குரல். தினமும் அங்கேயே நின்று பதில் சொல்லிப் பழகினவன் சொல்வது மாதிரி. அவர் நிறுத்தும் சுவிட்சை அமுக்கினார். இரண்டு தடவை அமுக்கினார். நெட்டை படியிறங்கிப் போய், தன் சட்டைப் பையில் இருந்த முக்கோணச் சாவியால் கீழ்க்கதவைத் திறந்து பார்த்தார். பின்னாலேயே இவரும் ஓடினார். குழியில் ஒரு மாதத் தூசி படிந்திருந்தது. தூசியில் ஒரு கால் தடம் கிடையாது.

“உங்களுக்குக் கேட்டுச்சாண்ணே?”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. உன் காதை டாக்டர்கிட்ட காட்டு,” என்றார் நெட்டை. மறுநாள் கம்பெனியில் எல்லார் முன்னாலும் “வாடா காது” என்று கூப்பிட்டார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று.

அன்றைக்குப் பிறகு நெட்டைக்கு இன்னொரு வழக்கமும் வந்தது. “மேல ஒருத்தன்” என்று சொல்வதை விட்டுவிட்டு “நெட்டை மேல!” என்று கத்த ஆரம்பித்தார். மற்றவர்களையும் பட்டப்பெயரைச் சொல்ல வைத்தார். “குண்டு கீழ!” “பூனை கீழ!” என்று கம்பெனியே மாறிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத்தான் விதி என்று நினைத்தார்கள். காது மட்டும் மாறவில்லை. நம்மைக் கேலி செய்த பெயரை நாமே ஷாஃப்டுக்குள் கத்துவதா என்ற ரோஷம். தொடர்ந்து “மேல ஒருத்தன்” என்றே சொல்லிவந்தார். “பேரைச் சொல்லித் தொலையேன்டா!” என்று நெட்டை எரிந்து விழுவார். நெட்டை ஓய்வு பெறும் நாள்வரை அதற்காக இருவருக்கும் சண்டை.

இந்த வயிற்றெரிச்சலைத்தான் ஐம்பதாவது வயதில் நாவலாக எழுதினார். மெஷின் ரூம்களில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து, பழைய பராமரிப்புப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினார். பெயர் ‘கீழே ஒருத்தன்’. நோக்கம் ஒன்றே ஒன்று. படிக்கிறவன் பயப்பட வேண்டும். தனக்கு அன்று முதுகில் ஓடிய குளிர் ஒரே ஒரு ஆளுக்காவது ஓட வேண்டும். அப்போதாவது ‘அடப்பாவி, நிஜமாகவே கேட்டிருக்குமோ’ என்று ஒருத்தர் நினைப்பார் இல்லையா?

மனைவிதான் தட்டச்சு செய்து கொடுத்தாள். மருத்துவமனை மேசையில், நோயாளிகள் வருவதற்கு நடுவில், ஒரு பக்கம் அரைப் பக்கமாக. ஏழாம் அத்தியாயத்தில் கதாநாயகன் இருட்டுக் குழியை எட்டிப் பார்க்கும் இடத்தில் தொலைபேசி வந்திருக்கிறது. அவள் திறந்திருந்த பக்கத்திலேயே குறிப்பெடுத்துவிட்டாள். அழிக்க மறந்தாள். பதிப்பாளர் கவனிக்கவில்லை. புத்தகத்தில் இப்படி வந்தது: ‘அவன் குனிந்தான். கீழே யாரோ மூச்சு விட்டார்கள். பதினொன்றரைக்கு வேர் சிகிச்சை, அம்மா கூட வருவார். அவன் இன்னும் குனிந்தான்.’

அச்சாகி வந்ததும் காது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வரிதானே, யார் கவனிக்கப் போறா?” என்றாள் மனைவி.

“நாப்பது பக்கமா ஆளைப் பயமுறுத்திக் குழி வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கேன். அங்க வந்து பல்லைப் பிடுங்குறியே!”

“பிடுங்கலங்க. வேர் சிகிச்சைன்னா பல்லைக் காப்பாத்துறது.”

புத்தகம் பட்டியலில் வந்த பிறகு ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். வாழ்த்து முதல் வாக்கியம், புகார் இரண்டாவது வாக்கியம். “ரொம்பப் பெருமையா இருக்கு சார், அப்புறம் எங்க லிஃப்ட் ரெண்டாவது மாடியில ஒரு மாதிரி கர்புர்ருன்னு சத்தம் போடுது.” மச்சான் போன் செய்து, படமாக எடுத்தால் பேய்க்கு ஒரு காதலி வைக்கலாம் என்றான். பக்கத்து வீட்டுக்காரர் முழுவதும் படித்ததாகச் சொன்னார். “எப்படிங்க இருந்துச்சு? பயமா இருந்துச்சா?” என்று காது ஆவலாகக் கேட்டார்.

“பயமா? சேச்சே. படுத்துக்கிட்டே படிச்சேன், நல்லா தூக்கம் வந்துச்சு.”

கம்பெனியில் இன்னும் மோசம். குண்டுவும் பூனையும் சாப்பாட்டு நேரத்தில் நாவலைச் சத்தமாக வாசித்து, பேய் வரும் இடங்களில் ஏப்பம் விட்டுச் சிரித்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நெட்டை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பிரதியை அவருக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார் காது. ஆறு மாதமாகப் படித்தேன் என்றோ படிக்கவில்லை என்றோ ஒரு சத்தம் இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தலைமை நடுவர்தான் அவருடைய உயிரை வாங்கியவர். அவர் ஒரு பேராசிரியர். நாவலைப் பற்றிப் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். மேலே போவது அதிகாரம், கீழே இறங்குவது உழைப்பு, குழியிலிருந்து வரும் குரல் காலங்காலமாக அமுக்கப்பட்டவர்களின் மௌனம் என்று போய்க்கொண்டே இருந்தது. வேர் சிகிச்சை வரிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். ‘அச்சத்தின் உச்சத்தில் வாசகனை உலுக்கி, வேர்களை நோக்கித் திருப்பும் துணிச்சலான உத்தி, உடன் வரும் தாய் இம்மண்ணின் ஆதித்தாய்’ என்றிருந்தது. அதை மனைவி மருத்துவமனையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டது.

“நாவல்லயே உருப்படியான வரி என்னோடதுதானாம்,” என்று அடிக்கடி சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை விருது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். ஐந்தாவது மாடி. பேராசிரியர் எழுந்து நின்று, சொந்தப் பெயரைச் சொல்லி, “வாங்க, வாங்க” என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெயரை யாரோ வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு எத்தனை வருடம்!

“ஒரு சின்னச் சிக்கல்,” என்றார் பேராசிரியர். “விதிமுறைல கேளிக்கை நாவல்களுக்கு இடமில்ல. துப்பறியும் கதை, பேய்க்கதை எல்லாம் அதுல வரும். நடுவர்ல ஒருத்தர் உங்க அட்டையில ‘பேய் நாவல்’னு போட்டிருக்கறதைப் பிடிச்சுக்கிட்டார். நான்தான் உங்களுக்காகப் போராடி ஒரு வழி கண்டுபிடிச்சேன். இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது.”

ஒரு தாளை நகர்த்தினார். ‘இந்நாவலில் வரும் குரல் ஒரு குறியீடே என்றும், அப்படி ஒரு குரல் எங்கும் கேட்கப்படவில்லை என்றும், இது பேய்க்கதை அன்று என்றும் உறுதி கூறுகிறேன்.’

“சார், இது பேய்க்கதைதான்.”

“நீங்க அப்படி நினைச்சு எழுதியிருக்கலாம். ஆனா எழுதினது அது இல்ல.”

“நான்தானே சார் எழுதினேன்?”

“அதுதான் அழகே. உங்களுக்கே தெரியாம எழுதியிருக்கீங்க.”

காது பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பேராசிரியர் அவசரமில்லை என்றார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்து வந்தால் பெயர் இறுதிப் பட்டியலில் இருக்கும், வராவிட்டால் எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த ஒரு கையெழுத்து ஏன் வரவில்லை என்பது லிஃப்ட் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு மெஷின் ரூமிலும் கம்பியில் ஒரு அட்டை தொங்கும். தேதி, நேரம், பார்த்தது என்ன, கண்டது என்ன, கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மறுநாள் காலை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் லிஃப்டில் ஏறுகிறார்கள். இருபத்தேழு வருடத்தில் பார்க்காததைப் பார்த்தேன் என்றும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் அவர் எழுதியது கிடையாது. ஒரு குடியிருப்புச் செயலாளர், “இன்னைக்கு விசேஷம், சும்மா போட்டுட்டுப் போங்க” என்று கெஞ்சியபோதுகூட, விசேஷத்துக்கு வந்த கூட்டத்தை இரண்டு மணி நேரம் படியேற விட்டுச் சோதித்த பிறகுதான் போட்டார். கேட்டவனையே கேட்கவில்லை என்று எழுதச் சொன்னால் கை எப்படி ஓடும்?

ஆனால் விருதும் வேண்டியிருந்தது. அதையும் மறைப்பானேன். மனைவியிடம் வாய்விட்டே சொன்னார்.

“மேடையில மைக்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. குண்டு, பூனை எல்லாம் கீழ உக்காந்து கேப்பானுங்க. அந்த ஒரு தடவை போதும் எனக்கு.”

“அப்ப போடுங்களேன். குறியீடுன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?”

“குறியீடு எப்படிடி ‘கீழ ஒருத்தன்’னு பேசும்?”

“இருபத்திரண்டு வருஷமா யாரும் நம்பல. இன்னும் யார் நம்பணும்னு இந்தப் பிடிவாதம்?”

நெட்டை நம்ப வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

“நீ நம்புறியா?” என்று கேட்டார்.

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நம்புறேன்,” என்றாள். அது ஒரு மாதிரியான பதில். அவருக்கு எரிச்சல்தான் கூடியது.

வியாழக்கிழமை பதிப்பாளர் எட்டு முறை கூப்பிட்டார். எட்டு முறையும் காது ஏதாவது ஒரு லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். எட்டாவது முறை எடுத்து, “ஐயா, நான் நாலாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறேன்,” என்றார். “அதை விட்டுட்டுச் சீக்கிரம் ஒரு பக்கமா வாங்க,” என்று பதிப்பாளர் கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை ஒரு அலுவலகக் கட்டிடத்தில். காது கூரைமேல், பூனை மெஷின் ரூமில், குண்டு குழியில். “ஆள் இருக்கா?” என்று கேட்டார்.

“பூனை மேல!”

“குண்டு கீழ!”

பட்டன்மேல் போன விரல் அப்படியே நின்றது. தினமும் கேட்கிற பதில்தான். ஆனால் இரண்டு நாளாக அந்தத் தாளையே யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அன்று வேறு மாதிரிக் கேட்டது. இந்த வழக்கம் எப்போது வந்தது? அந்த நாளுக்கு மறுநாள். கொண்டுவந்தது யார்? ஒன்றுமே கேட்கவில்லை என்று சொன்ன ஆள். ஒன்றும் கேட்காதவர் எதற்காக ஒன்பது பேர் பதில் சொல்லும் விதத்தையே மாற்ற வேண்டும்? இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது, தனக்கு உறைக்கவில்லையே என்று காது அங்கேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். கையில் இருந்த கிரீஸ் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

மதியம் நெட்டையின் வீட்டுக் கதவைத் தட்டினார். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பார்த்த மனிதர் ஓய்வுக்குப் பிறகு தரைத்தளத்தில்தான் வீடு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தார். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ‘கீழே ஒருத்தன்’ கிடந்தது. நடுவில் பேப்பர் துண்டு செருகியிருந்தது.

“என்னடா நெத்தியில?”

“அது கிடக்கட்டும். அண்ணே, எதுக்கு நம்ம ஆளுங்க பட்டப்பேரைச் சொல்லணும்னு ஆரம்பிச்சீங்க?”

நெட்டை தைலப் புட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து மூடினார்.

“இதைக் கேக்க இவ்வளவு நாளாச்சா உனக்கு?” என்றார்.

காது எதிரில் உட்கார்ந்தார்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சா! அப்புறம் ஏன்ணே... எல்லாரும் சிரிச்சானுங்களே, நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களே!”

“வேற என்ன செய்யச் சொல்ற? எனக்கு வீட்ல மூணு சின்னப் பிள்ளைங்க. உனக்கு ரெண்டு மாசத்துல கல்யாணம். ரெண்டு பேரும் கேட்டோம்னு சொன்னா மறுநாள் யார் குழிக்குள்ள இறங்குவா? ஒருத்தன் சொன்னா பிரமைன்னு தள்ளிடலாம். ரெண்டு பேர் சொன்னா அது சாட்சி. அதான் உன்னைக் காதாக்கிட்டேன்.” நெட்டை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நீ எழுதினதுல ஒண்ணு குறையுது. நீ படியில வந்துக்கிட்டிருந்த. நான் முன்னாடி போய்க் கதவைத் திறந்தேன் பாரு, அப்ப உள்ள இருந்து இன்னொரு தடவை பேசுச்சு.”

“என்ன பேசுச்சு?”

“‘ரெண்டு பேர்தானா?’ன்னு கேட்டுச்சு.”

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பட்டப்பகல், ஜன்னல் முழுக்க வெயில். காதுவின் கை மயிர் குத்திட்டு நின்றது.

“யாருன்னு தெரியல, எதுக்குக் கேக்குதுன்னு தெரியல. ஆனா எண்ணிக்கிட்டிருக்குன்னு மட்டும் புரிஞ்சுது. வெறுமனே ‘ஒருத்தன்’னு சொன்னா அதுவும் நம்ம கணக்குல சேர்ந்துக்குது. பேரைச் சொன்னா சேர முடியாதில்ல? ஆனா சொந்தப் பேரை அதுகிட்ட எதுக்குக் கொடுக்கணும்? அதான் பட்டப்பேரு. எல்லாரும் என் பேச்சைக் கேட்டானுங்க. நீ ஒருத்தன்தான் வீம்புக்கு ‘மேல ஒருத்தன், மேல ஒருத்தன்’னு... ஒவ்வொரு தடவையும் நான் மனசுக்குள்ள ஆளை எண்ணிக்குவேன்டா. ரிட்டயர் ஆன அன்னைக்குக்கூட அதை நினைச்சுத்தான் அழுதேன். நீங்கள்லாம் நான் வேலையை விட்டுப் பிரியறதுக்கு அழறேன்னு மாலை போட்டீங்க.”

காதுவுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் ஒன்றும் சரியாக வரவில்லை. “அட, இதை ஒரு டீக்கடையில வெச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா? இருபத்திரண்டு வருஷம்ணே! நான் மூணு டாக்டர்கிட்ட காதைக் காட்டியிருக்கேன்!” என்று கத்தினார். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாள்.

“தப்புதான்,” என்றார் நெட்டை. “ரொம்பத் தப்பு. இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாமதான் போயிருப்பேன். உன் புத்தகத்தைப் பாதிக்கு மேல படிக்க முடியல. பயமா இருக்கு.”

காது அவரையே பார்த்தார். ஆறு மாதமாக எந்த வாயிலிருந்தாவது வராதா என்று ஏங்கிய வார்த்தை. கடைசியில் வந்த வாய் இது. பையிலிருந்து அறக்கட்டளைத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். என்ன சமாச்சாரம் என்று சொன்னார். நெட்டை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா விருதா?”

“ஆமா.”

“போடலைன்னா?”

“எடுத்துடுவாங்க.”

“உனக்கு வேணும்னா போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல.”

காது தாளைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மெஷின் ரூம் அட்டையில் எழுதுவது போல எழுதினார். தேதி போட்டார், அந்தப் பழைய தேதி, அவருக்கு மறந்ததே இல்லை. நேரம்: காலை 10.30. இடம்: குழி. கேட்டது: ‘கீழ ஒருத்தன்’, பிறகு இரண்டாவது ஆளுக்கு மட்டும் ‘ரெண்டு பேர்தானா’. கண்டது: ஒன்றும் இல்லை. கால் தடம் இல்லை. அடியில் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார். பேனாவை நெட்டை வாங்கிக்கொண்டார். அட்டையில் எப்போதும் இரண்டாவது ஆள் கையெழுத்துப் போடும் இடத்தில், தன் பெயரை எழுதினார்.

“நானும் வர்றேன்,” என்றார். “கீழ நிக்கிறேன். மேல வர மாட்டேன். லிஃப்ட்ல ஏறி ஆறு வருஷமாச்சு.”

நாலே முக்காலுக்கு ஐந்தாவது மாடியில் பேராசிரியர் தாளை வாங்கி, முன்பக்கம் கையெழுத்தைத் தேடினார். இல்லை. திருப்பினார். படித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

“என்ன இது?”

“நாங்க இப்படித்தான் சார் எழுதுவோம். பாத்ததை எழுதி ரெண்டு பேர் கையெழுத்து.”

“இது... இது ஒரு உத்திதானே?”

“இல்ல சார். பேய் என்றால் பேய்தான்.”

“அப்ப உங்க பேரை எடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

“எடுத்துடுங்க சார்.” சொல்லும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. மேடை, மைக், கீழே உட்கார்ந்திருக்கும் குண்டு, பூனை, எல்லாம் ஒரு தடவை கண்ணில் வந்து போயின. “அந்த வேர் சிகிச்சை வரி என் பொண்டாட்டி தப்பா அடிச்சதுங்க. அதையும் சொல்லிடறேன், பாரம் வேண்டாம்.”

பேராசிரியர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இரண்டு கையெழுத்துகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அலுவலக நேரம் முடிந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு காதுவின் கூடவே லிஃப்ட் வாசல் வரைக்கும் வந்தார். காது பட்டனை அமுக்கினார்.

“அந்தக் கட்டிடம் எதுன்னு நாவல்ல எங்கயும் சொல்லலையே?” என்று பேராசிரியர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சொல்றதில்ல சார். இன்னும் அங்க ஜனங்க ஏறி இறங்கிக்கிட்டுத்தானே இருக்காங்க.”

“எத்தனை மாடி?”

“அஞ்சு.”

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, யாருமில்லை. காது நுழைந்து, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, “வாங்க சார்,” என்றார்.

பேராசிரியர் உள்ளே பார்த்தார். லிஃப்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் நடுவில் இருந்த விரல் அகல இடைவெளியைப் பார்த்தார்.

“இல்ல, நீங்க போங்க. டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார்,” என்று படிப்பக்கம் திரும்பிவிட்டார்.

இந்தக் கட்டிடம் இல்லை சார் என்று காது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினான்கு பக்கம் எழுதிய மனிதர் நூறு படி இறங்கினால் ஒன்றும் தேய்ந்துபோய்விட மாட்டார்.

கதவை விடப் போகும் நேரத்தில் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தரைத்தளத்தில் நெட்டை, காவலாளி வாயைப் பிளந்து பார்க்க, கதவின் இடுக்கில் வாயை வைத்துப் பழையபடி கத்திக்கொண்டிருந்தார்.

“ஆள் இருக்கா?”

காது குனிந்து, இடைவெளியில் வாயை வைத்தார்.

“காது மேல!” என்று தொண்டை கிழியக் கத்தினார். “காது மட்டும்தான்!”

படியில் பேராசிரியரின் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடியது. கீழே நெட்டை பதில் சொல்லும் வரைக்கும் காது கதவை விடவில்லை.

“நெட்டை கீழ! நானும் ஒருத்தன்தான்டா, வேற யாரும் இல்ல. இறங்கி வா!”